கூடைப்பந்து ஆசான் ஜான் மக்லெண்டன்

உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூட மைதானத்தில் கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். உயரமான கம்பத்தில் ஓர் இரும்பு வளையம். அதனுள்ளே பந்தைப் போடுவதற்காக இரு பக்கமும் ஐந்தைந்து பேர் வியர்க்க விறுவிறுக்க ஓடுகிறார்கள். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் 1891-ம் ஆண்டு இந்த ஆட்டத்தை உண்டாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர். நாம் இன்று சொல்ல வந்தது அவருடைய சரித்திரத்தை அல்ல. அவரிடம் பாடம் கேட்ட ஒரு மாணவரின் சரித்திரத்தை. ஆட்டத்தை உண்டாக்கியவரே அந்த மாணவருக்குக் குருவாக வாய்த்தார். ஆயினும் அந்தச் சர்வகலாசாலையின் கோஷ்டியில் ஒரு நாள்கூட அவரை ஆட விடவில்லை. காரணம் வேறொன்றுமில்லை, அவருடைய தோல் கறுப்பு.

அவர் பெயர் ஜான் மக்லெண்டன். 1915-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி கான்சஸ் மாகாணத்திலுள்ள ஹயவாதா என்ற சிற்றூரில் பிறந்தார். அதே மாகாணத்துக் கான்சஸ் சிட்டி நகரில், கறுப்பின மாணவர்களுக்கென்று தனியாக இருந்த சம்னர் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். சிறு வயதிலேயே கூடைப்பந்தின்மேல் அவருக்கு அளவற்ற ஆசை. பெரிய ஆட்டக்காரன் ஆகவேண்டும் என்பதைவிட, பிறருக்கு ஆடக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்பதே அவருடைய எண்ணமாயிருந்தது.

மகனுடைய மனத்தைத் தகப்பனார் அறிந்துகொண்டார். இந்த ஆட்டத்தை உண்டாக்கிய நெய்ஸ்மித் லாரன்ஸ் நகரத்துக் கான்சஸ் சர்வகலாசாலையில்தான் ஆசிரியராக இருக்கிறார், அவரிடம் போய்ச் சேர் என்று மகனுக்குச் சொல்லி அனுப்பினார். 1933-ல் பதினெட்டு வயதுப் பையன் நெய்ஸ்மித்தின் அறைக்குள் நுழைந்து, நீங்கள்தான் எனக்கு ஆலோசகராக இருக்கவேண்டும் என்று துணிந்து கேட்டான். யார் அப்படிச் சொன்னது என்று வினவினார் கிழவர். என் தகப்பனார் என்றான் பையன். தகப்பன்மார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி அவர் ஏற்றுக்கொண்டாராம். நெய்ஸ்மித்துக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். அவர் பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகராகவும் இருந்தவர். மனிதரை நிறத்தால் பிரித்துப் பார்க்காதவர்.

ஆனால் குரு ஒருவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதுமா? கல்லூரியின் வழக்கம் வேறாயிருந்தது. கறுப்பின மாணவர்களுக்குக் கோஷ்டியில் இடமில்லை. நீச்சல் குளத்திலும் இடமில்லை. உடற்பயிற்சிப் பட்டத்துக்குப் படிப்பவர் நீச்சல் பரீட்சையில் தேறியாகவேண்டும் என்பது விதி. குளத்துக்குள் இறங்காமல் நீச்சல் பரீட்சை எழுதுவது எப்படி? மக்லெண்டன் ஒரு நாள் நேரே போய்க் குளத்தில் இறங்கி நீந்தினார். அவர் கரையேறியதும் அதிகாரிகள் குளத்துத் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டார்கள்.

இத்தகைய அவமானம் உங்களுக்கோ எனக்கோ நேர்ந்தால் என்ன செய்வோம்? ஒன்று, தலைகுனிந்து வீட்டுக்குப் போவோம். அல்லது கையை ஓங்குவோம். அந்த வாலிபர் இரண்டையும் செய்யவில்லை. மாணவர்களிடம் கையெழுத்துச் சேர்த்தார், அதிகாரிகளிடம் பேசினார். கறுப்பர் குளத்துக்கு வந்தால் கலகம் விளையும் என்பதுதானே உங்கள் பயம்? சில நாள் எல்லோருக்கும் திறந்து வைத்துப் பாருங்கள், சச்சரவு ஒன்றும் இல்லாவிட்டால் அப்படியே இருக்கட்டும் என்றார். அதிகாரிகள் இசைந்தார்கள். உடனே அவர் கறுப்பின மாணவர்கள் எல்லோரையும் கண்டு, கெடு முடிகிற வரையில் ஒருவரும் குளத்தருகே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஒருவரும் போகவில்லை, ஒரு சச்சரவும் நடக்கவில்லை, குளம் எல்லோருக்கும் திறந்தது! உரிமையை விட்டுக்கொடுக்காமலும், கோபத்துக்கு இடங்கொடாமலும், கொஞ்சம் சாமர்த்தியத்தோடும் காரியத்தை முடிப்பது என்ற அந்த வழியைத்தான் அவர் ஆயுள் முழுவதும் கைக்கொண்டார்.

பிறரோடு சேர்ந்து ஆட முடியாதவர், ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டார். ஒரு சமயம் நெய்ஸ்மித் சிறு பிள்ளைகள் பந்தாடுவதை அவருக்குச் சுட்டிக்காட்டினார். பந்து எங்கே போகிறதோ அங்கெல்லாம் பிள்ளைகள் கூட்டமாக ஓடினார்கள். கற்றுக்கொடாமலே பிள்ளைகள் ஆடும் அந்த ஆட்டத்தில் மக்லெண்டனுக்கு ஒரு பாடம் கிடைத்தது. அந்நாளில் கோஷ்டிகள் பந்தை நிதானமாகக் கைமாற்றி, வளையத்தருகே கொண்டுபோய், நெடுநேரம் காத்திருந்து போடுவது வழக்கம். அப்படியல்ல, ஆடுகளம் முழுவதுமே ஆடுவதற்குத்தான் என்று அவர் கண்டார். பந்து கையில் கிடைத்த மாத்திரத்தில் மின்னலைப்போல் எதிர்முனைக்குப் பாயவேண்டும். பந்து எதிரியிடம் இருந்தால் அவன் நம் பக்கம் வரும்வரை காத்திராமல் அவனுடைய முனையிலேயே மறிக்கவேண்டும். இன்று உலகெங்கும் ஆடப்படும் வேகமான கூடைப்பந்துக்கு வழி வகுத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

1936-ல் கான்சஸில் பட்டம் பெற்றார். அங்கே உடற்பயிற்சித் துறையில் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவரே. பிறகு நெய்ஸ்மித்தின் உதவியால் அயோவா சர்வகலாசாலையில் சேர்ந்து மேற்பட்டமும் பெற்றார். 1937-ல் வட கரோலினா மாகாணத்து டர்ஹம் நகருக்கு வந்தார். கறுப்பின மாணவர்களுக்காக அங்கே அரசாங்கம் நடத்திய வட கரோலினாக் கல்லூரியில் உதவிப் பயிற்சியாசிரியரானார். 1940-ல் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அவருக்கு வயது இருபத்தைந்து.

தம் மாணவர்களை அவர் வாட்டி வேலை வாங்கினார். பந்தைத் தொடுமுன் பல வாரம் ஓட்டம், ஓட்டத்துக்குமேல் ஓட்டம். எதிரிகள் களைத்து நிற்கும் வேளையில் என் பிள்ளைகள் இன்னும் ஓடவேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் குரலை உயர்த்திப் பேசியது அபூர்வம். வெளியூர்ப் பந்தயத்துக்குப் போகும்போது, எந்த ஊரில் சாப்பாடு கிடைக்கும், எந்த இடத்தில் தங்கலாம், எங்கே காருக்குப் பெட்ரோல் போடலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வார். ஏன் தெரியுமா? கறுப்பருக்கு இடமில்லை என்று எழுதிப்போட்ட கதவின்முன் தம் மாணவன் ஒருவன்கூட நின்று அவமானப்படக்கூடாது என்பதற்காகத்தான். பெற்றோர்களே, இது ஒரு தகப்பனின் கவலையல்லவா?

இனி, 1944-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி நடந்ததைக் கேளுங்கள். அந்தப் பருவத்தில் மக்லெண்டனின் கோஷ்டி ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றிருந்தது. இருந்தும் தேசியப் பந்தயங்கள் எதிலும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். அதே நகரின் மறு கோடியில், வெள்ளையருக்கு மட்டுமே உரிய டியூக் சர்வகலாசாலை இருந்தது. யுத்த காலமானதால் ராணுவத்தின் சார்பில் பல மாகாணத்து வாலிபர்கள் அங்கே வைத்தியம் படித்தார்கள். அவர்களிலே முன்பே பல கல்லூரிகளில் பேரெடுத்த ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு கோஷ்டி அமைத்திருந்தார்கள். அந்த மாகாணத்திலேயே அதற்கு நிகரில்லை என்று பேச்சு. இரு கல்லூரிகளையும் சேர்ந்த கிறிஸ்தவ மாணவர்கள் சிலர் ஊருக்குத் தெரியாமல் ஒன்றுகூடிப் பேசுவதுண்டு. அப்படிப் பேசுகையில், இரண்டில் எது சிறந்த கோஷ்டி என்ற கேள்வி பிறந்தது. ஆடிப் பார்த்தால் என்ன என்று ஆயிற்று.

ஆடிப் பார்ப்பதா! அந்நாளில் அந்த மாகாணத்தில் வெள்ளையரும் கறுப்பரும் பஸ்ஸில்கூடச் சேர்ந்து உட்காரக் கூடாது. செய்தி வெளியானால் மக்லெண்டனுடைய வேலை போகும். அரசாங்கப் பணத்தில் நடக்கும் அவருடைய கல்லூரிக்கே ஆபத்து வரும். அடி உதையும் அதற்கு மேலும் நேரலாம். இது வீண் பயமல்ல. நான்கு மாதம் கழித்து, 1944 ஜூலையில், அதே டர்ஹம் நகரில் ராணுவ உடுப்பணிந்த ஒரு கறுப்பு வீரர், பஸ்ஸில் பின்னால் போய் உட்காரச் சொன்னதை எதிர்த்துப் பேசினார். அவர் கீழே இறங்கியபின் டிரைவர் அவரைச் சுட்டுக் கொன்றான். வழக்கு நடந்தது, டிரைவர் குற்றவாளியல்ல என்று விடுதலையானான். ஊர் அப்படிப்பட்ட ஊர்.

எனவே மக்லெண்டன் யோசித்து நாளைத் தேர்ந்தெடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரார் பெரும்பாலும் கோயிலில் இருக்கும் வேளை, போலீஸ்காரரும்கூட! டியூக் மாணவர்கள் சுற்று வழியாகக் கார்களில் வந்து, முகத்தை மறைத்துக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். கதவுகளைப் பூட்டினார்கள். நடுவர் இருந்தார்; கடிகாரம் இருந்தது; பார்வையாளருக்கு அனுமதியில்லை. விஷயம் தெரிந்துகொண்ட சில மாணவர்கள் மட்டும் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தார்கள்.

முதல் சில நிமிஷங்கள் இரு பக்கத்தாருக்கும் கை நடுங்கியது. நிற வேறுபாடு பார்க்காமல் ஒருவரை ஒருவர் இடித்து, தடுத்து ஆடுவது அவர்கள் பலருக்கு அதுவே முதல் தடவை. பிறகு மக்லெண்டனின் பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். அந்த வேகத்தை டியூக் மாணவர்கள் எங்கும் கண்டதில்லை. முடிவில் எண்ணிக்கை 88-க்கு 44. கறுப்பின மாணவர்கள் இரு மடங்கு எடுத்து ஜெயித்தார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் ஒரு வெற்றிக் கதையாக மட்டும் இருந்திருக்கும். சற்றே இளைப்பாறியபின் அவர்கள் செய்ததைப் பாருங்கள். இரு கோஷ்டிகளையும் கலைத்து, கறுப்பரும் வெள்ளையரும் இரு பக்கத்திலும் கலந்து நிற்க, சட்டை போட்டவர்கள் ஒரு பக்கம், சட்டையில்லாதவர்கள் மறு பக்கம் என்று பிரிந்து இன்னொரு ஆட்டம் ஆடினார்கள்! அதற்குப் பிறகு மாணவர் விடுதியில் ஒன்றாக உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் டியூக் மாணவர்கள் திரும்பிச் சென்றார்கள். கறுப்பின மக்களுக்கான உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபர் ஒருவருக்கு விஷயம் தெரியும். அவர் ஒரு வரியும் எழுதவில்லை. ஆடியவர்களும் வாய் திறக்கவில்லை. 1996-ல் ஸ்காட் எல்ஸ்வொர்த் என்ற சரித்திராசிரியர் எழுதி வெளியிட்ட பிறகுதான் உலகம் அதை அறிந்தது. ஐம்பத்திரண்டு வருஷம்! தம்முடைய மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றை ஊரறியச் சொல்லாமல் இத்தனை காலம் இருந்தார் என்றால், அவர் புகழுக்காக ஆடவில்லை என்பது விளங்குகிறதல்லவா?

1946-ல், கறுப்பின மக்களின் கல்லூரிகள் பங்குபெறும் ஒரு வருடாந்தரப் பந்தயத்தை வேறு சிலரோடு சேர்ந்து வாஷிங்டன் நகரில் தொடங்கினார். சி.ஐ.ஏ.ஏ. என்ற கல்லூரிச் சங்கத்தின் பெயரால் அந்தப் பந்தயம் இன்றும் நடந்து வருகிறது. முதல் வருஷப் பட்டத்தை அவருடைய கோஷ்டியே பெற்றது. ஆயினும் தங்களுக்குள் ஆடிக்கொள்வதோடு அவர் மனம் அமையவில்லை. தேசியப் பந்தயங்களின் கதவைத் திறக்கும்படி சங்கங்களுக்கு ஓயாமல் எழுதினார், கூட்டங்களில் வாதாடினார். கடைசியில் 1953-ல், சிறிய கல்லூரிகளின் தேசியச் சங்கமான என்.ஏ.ஐ.ஏ. கறுப்பினக் கல்லூரிகளுக்கு இடமளித்தது.

அடுத்த வருஷம் அவர் டென்னசி மாகாணத்து நாஷ்வில் நகரிலிருந்த டென்னசி ஏ அண்டு ஐ கல்லூரிக்குப் பயிற்சியாசிரியராக வந்தார். பந்தயம் நடக்கும் இடமோ மிசூரி மாகாணத்துக் கான்சஸ் சிட்டி. அவர் படித்து வளர்ந்த கான்சஸ் சிட்டிக்கு எதிரே, ஆற்றின் அக்கரையிலுள்ள நகரம். அங்கே வெள்ளையர் கோஷ்டிகள் நகரின் நடுவே நல்ல ஹோட்டல்களில் தங்கும். கறுப்பர் வேறெங்காவது இடம் தேடிக்கொள்ளவேண்டும். மற்றவர்கள் தங்கும் ஹோட்டலிலேயே என் மாணவர்களுக்கும் அறை வேண்டும், மற்றவர்கள் சாப்பிடும் இடத்திலேயே அவர்களுக்கும் சாப்பாடு வேண்டும், இல்லையேல் நாங்கள் வரமாட்டோம் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அறை கிடைத்தது. சாப்பாடும் கிடைத்தது.

அதன்பின் ஆடுகளத்தில் நடந்தது பெரும் அதிசயம். அந்தப் பந்தயத்தில் 32 கல்லூரிகள். ஒரே வாரத்தில் ஐந்து ஆட்டங்களில் ஜெயித்தால்தான் பட்டம். 1957-ல் மக்லெண்டனின் பிள்ளைகள் பட்டம் வென்றார்கள். 1958-லும் வென்றார்கள். 1959-லும் வென்றார்கள்! தொடர்ந்து மூன்று வருஷம் தேசியப் பட்டம் பெற்ற கல்லூரிப் பயிற்சியாசிரியர் அமெரிக்காவில் அதற்குமுன் ஒருவருமில்லை. அந்தக் கோஷ்டியில் சிறந்து விளங்கிய டிக் பார்னெட் பின்னாளில் தொழில்முறை ஆட்டக்காரராகி, நியூயார்க் கோஷ்டியில் இருந்து 1970-லும் 1973-லும் தேசத்தின் உயர்ந்த பட்டத்தில் பங்கு பெற்றார். அதைவிட நமக்குச் சந்தோஷம் தருவது வேறொன்று: ஆட்டத்தை விட்ட பிறகு அவர் தொடர்ந்து படித்து, ஃபோர்டாம் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

மக்லெண்டனுக்கு எல்லாம் வெற்றியாகவே அமைந்ததென்று நினைக்கவேண்டாம். 1959-ல் கிளீவ்லாந்து நகரத்துப் பைப்பர்ஸ் கோஷ்டிக்குச் சென்றார். 1961-ல் அது தொழில்முறைச் சங்கம் ஒன்றில் சேர்ந்தபோது, அத்தகைய சங்கத்தில் தலைமைப் பயிற்சியாசிரியரான முதல் கறுப்பர் என்ற பெயர் அவருக்கு வந்தது. ஆனால் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுபடவில்லை. அவர் தம் பிள்ளைகளுக்காகப் பேசினார். பேசிப் பயனில்லாதபோது, 1962-ல் பருவத்தின் நடுவிலேயே வேலையை விட்டு விலகினார். 1966-ல் கிளீவ்லாந்து ஸ்டேட் சர்வகலாசாலை அவரை அழைத்தது. வெள்ளை மாணவர் பெரும்பான்மையாயுள்ள ஒரு சர்வகலாசாலையில் இந்தப் பதவி பெற்ற முதல் கறுப்பர் அவரே. அங்கே கழித்த மூன்று வருஷத்தில் அவர் வெற்றியைவிடத் தோல்வியையே அதிகம் கண்டார். 1969-ல் டென்வர் நகரத்துத் தொழில்முறைக் கோஷ்டிக்குப் போனார். 28 ஆட்டம் முடிந்ததும் அவரை விலக்கிவிட்டார்கள். அவர் யாரையும் தூற்றவில்லை. கான்வர்ஸ் என்ற பாதரட்சைக் கம்பெனியில் வேலைக்கமர்ந்து, ஊர் ஊராகச் சென்று இளைஞர்களுக்கும் பயிற்சியாசிரியர்களுக்கும் தாம் அறிந்ததைச் சொல்லிக்கொடுத்தார்.

ஆசிரியராகவே வாழ்ந்தவர் ஆசிரியராகவே முதுமையையும் கழித்தார். கிளீவ்லாந்து ஸ்டேட் சர்வகலாசாலைக்கே திரும்பி வந்து, விளையாட்டின் சரித்திரத்தையும், அதிலே சிறுபான்மை மக்களின் பங்கையும் மாணவர்களுக்குப் போதித்தார். 1999-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி, எண்பத்துநான்காம் வயதில் இறந்தார். பயிற்சியாசிரியராக அவர் கண்ட வெற்றிகள் ஐந்நூறுக்கும் மேல்.

கடைசியாக ஒன்று. ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் நெய்ஸ்மித்தின் பெயரால் ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. கூடைப்பந்தில் தலைசிறந்தவர்களின் பெயர்களை அங்கே சேர்த்துக் கௌரவிப்பார்கள். 1979-ல் மக்லெண்டன் பெயரையும் சேர்த்தார்கள். ஆனால் பயிற்சியாசிரியர் வரிசையில் அல்ல, ஆட்டத்துக்குத் தொண்டு செய்தவர்கள் வரிசையில். மூன்று தேசியப் பட்டம் வென்றவருக்கு அங்கேயும் பக்கத்துக் கதவுதான் திறந்தது! அவர் இறந்து பதினேழு வருஷம் சென்றபின், 2016-ல், பயிற்சியாசிரியர் என்ற முறையில் இரண்டாம் முறை சேர்த்தார்கள். 2019-ல் அவருடைய டென்னசிப் பிள்ளைகளின் கோஷ்டியும் அதே மண்டபத்தில் இடம்பெற்றது.

வாசகர்களே, நியாயம் தாமதமாக வந்தது. பல முறை அது அப்படித்தான் வருகிறது. அதற்காக மக்லெண்டன் சும்மா இருந்துவிடவில்லை. வெறுப்பை வளர்த்துக்கொண்டு வீணாகவும் போகவில்லை. தமக்குக் கிடைக்காத இடத்தைத் தம் மாணவர்களுக்கு வாங்கிக்கொடுத்தார். உங்கள் பிள்ளை ஒரு நாள் வாடிய முகத்தோடு வந்து, என்னை ஆட்டத்தில் சேர்க்கவில்லை என்று சொன்னால், இந்த மனிதரின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை வேறொருவனைச் சேர்க்காமல் விட்டதாகத் தெரிந்தால், அப்போதும் இதையே சொல்லுங்கள். அன்றைக்கு இன்னும் அழுத்தமாகச் சொல்லுங்கள்.